திட்டு வாங்காத மாப்பிள்ளை

இலை உதிர்ந்து முடிந்ததும் வீர்போரா ஊரே கூடை பின்னுவதற்கான வில்லோ மரத்து விளார்களை வேகவைக்கத் தொடங்கிவிடும். ஓடைக்கரையில் பெரிய இரும்புத் தொட்டிகளுக்கு அடியில் விடிய விடியத் தீ எரியும். காலையில் மூடியைத் திறந்தால் கசப்பும் இனிப்புமாக ஒரு ஆவி கிளம்பி வீடு வீடாக நுழைந்து, கம்பளிக்குள்ளும் சோற்றுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனை வந்தால் போதும், குத்தூஸின் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும். முதுகு வளைந்துவிட்ட இந்த வயதிலும், மாப்பிள்ளையாக வந்து இறங்கிய முதல் வருஷம் அவர் கண் முன்னால் வந்து நிற்கும். அது ஒன்றும் சுகமாகக் கழிந்த வருஷம் இல்லை. இருந்தும் அதுதான் திரும்ப வேண்டும் என்று ஏங்குகிறார். மனுஷனுக்கு எதற்கெல்லாம் ஏக்கம் வரும் என்று யார் கண்டது!

அந்த வருஷம் அவன் இளவட்டம். வுலர் ஏரியில் மீன் பிடிக்கும் சுபானுக்கு நான்கு ஆண் பிள்ளைகள், இருப்பது ஒரே படகு. அதில் மூன்றாவது பிள்ளை குத்தூஸ். வீர்போராவில் கூடை பின்னும் கஸிருக்கோ ஒரே மகள், முக்தா. ஆண் வாரிசு இல்லை. ஒரு பக்கம் ஆள் அதிகம், இன்னொரு பக்கம் ஆள் பற்றாக்குறை. தரகர் வந்து இரண்டு பக்கமும் உப்பு டீ குடித்தார், குத்தூஸ் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டான்.

மாப்பிள்ளை என்றால் அந்தப் பக்கத்தில் ராஜ மரியாதை. வந்தால் எழுந்து நிற்பார்கள், கறியில் நல்ல துண்டு அவர் தட்டுக்குத்தான் போகும், அவரைப் பார்த்து முகம் சுளிப்பது கூடப் பாவம். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்துபோகிற மாப்பிள்ளைக்கு இதெல்லாம் சரி. தினமும் காலையில் எழுந்ததும் எதிரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன செய்வது என்று வழக்கத்தை ஏற்படுத்தின பெரியவர்கள் யோசிக்கவே இல்லை. கஸிரும் அவர் மனைவி ராஹ்தியும் நல்ல மனுஷர்கள். யோசிக்காமல் முழு மரியாதையையும் முன்னூற்று அறுபத்தைந்து நாளுக்கும் நீட்டிவிட்டார்கள்.

குத்தூஸ் விறகு பிளக்கப் போனால் மாமனார் கோடரியை வாங்கிவிடுவார். மாட்டுக்குப் புல் போடப் போனால் மாமியார் குறுக்கே வந்து நின்றுவிடுவாள். கூரைப் பனியைத் தள்ள ஏணி எடுத்தான். அன்றைக்குக் கஸிர், இடுப்பு வலியோடு, முந்திக்கொண்டு மேலே ஏறினார். மாப்பிள்ளை கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் போன பக்கத்து வீட்டு நபிர், "ஜனாப், சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். நபிரின் வாய் அப்படி. ஊரில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் அவன் காதில் போட்டால் போதும்.

ஏரியில் வளர்ந்த பையனுக்கு இது நரகம். அங்கே அவன் அப்பா சுபான் வாயைத் திறந்தாலே வசவுதான். வலை சிக்கினால் வசவு, படகு சாய்ந்தால் வசவு, மீன் நழுவினால் துடுப்பே பறந்து வரும். அந்த வசவுக்குள்தான் குத்தூஸ் நீந்தக் கற்றான், வலை பின்னக் கற்றான், இருட்டில் கரை பார்க்கக் கற்றான். இங்கே யாரும் அவனை ஒரு சொல் சொல்வதில்லை. விருந்தாளியைத்தான் யாரும் திட்டமாட்டார்கள். நாம் இந்த வீட்டுப் பிள்ளையா, இல்லை புறப்பட மறந்துபோன விருந்தாளியா என்ற கேள்வி அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

கூடை பின்னக் கற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவனாக முடிவு செய்தான். அந்த வீட்டின் சோறே அதில்தான் வருகிறது. அதிலும் காங்கிரி. மண் சட்டியைச் சுற்றி வில்லோவால் பின்னி, மேலே கைப்பிடி வைத்து, சட்டியில் தணலைப் போட்டு, முழங்காலுக்குக் கீழ் தொங்கும் ஃபிரன் அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் ஊர் முழுக்கப் பனிக்காலத்தைத் தள்ளுகிறது. கஸிர் பின்னின காங்கிரி என்றால் சந்தையில் எடுத்து ஆட்டிப் பார்க்காமலே வாங்கிப் போவார்கள்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்தக் கஷ்டம்? கை எல்லாம் கீறிப் போயிரும்" என்று கஸிர் தடுத்துப் பார்த்தார். அவன் விடவில்லை. சரி என்று பக்கத்தில் புது மெத்தை போட்டு உட்காரவைத்தார். கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையிடம் அதை எந்த வாயால் சொல்வது? அதனால் அவர் சொல்லவில்லை. தன் பாட்டுக்குப் பின்னினார், இவன் பார்த்துப் பார்த்துப் பின்னினான். விளாரின் தோலை உரிப்பதும், தடித்ததை மூன்றாகப் பிளப்பதும் முக்தா சொல்லிக்கொடுத்தாள். அது பெண்கள் வேலை, அதற்கு மேல் அவளும் போகவில்லை.

வெந்த விளாரை உரித்ததும் சுவரோரம் கட்டுக் கட்டாக நிறுத்திக் காயவைப்பார்கள். கலகலவென்று காய்ந்த பிறகு, பின்னுவதற்கு முன்பு மட்டும் கொஞ்ச நேரம் ஓடையில் நனைத்து எடுப்பார்கள். குத்தூஸ் இந்தக் காயவைக்கிற சமாச்சாரத்தைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டான். ஏரிக்காரன் புத்தி அப்படி. படகுப் பலகையில் இடைவெளி இருந்தால் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், பலகை ஊதி இறுகிக்கொள்ளும். கோரைப்பாயை ஈரமாக இருக்கும்போதே முடைவார்கள். ஈரம் என்றால் இறுக்கம் என்பது அவன் பிறந்த நாளிலிருந்து பார்த்த உண்மை. நேற்று உரித்த விளாரையே எடுத்தான். அது வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுத்தது. மாமனார் ஏன் இப்படிக் காய்ந்த குச்சியோடு மல்லுக்கட்டுகிறார் என்று அவனுக்கு ஒரு இரக்கம் கூட வந்தது.

அவனுடைய முதல் காங்கிரி ஒருவழியாக உருவானபோது, பின்னல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சட்டியைக் கச்சிதமாகப் பிடித்திருந்தது. மாமனார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒரு விளாரை அமுக்கினார். அவர் முகத்தில் என்னவோ வந்து போனது.

"ரொம்ப நல்லா வந்திருக்கு மாப்பிள்ளை" என்றார்.

அடுத்ததற்கும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்ததற்கும். சந்தை நாளில் தன் கூடைகளோடு அவனுடையதையும் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு போவார், திரும்பி வந்து "உங்களோடது போன உடனே போயிருச்சு" என்பார். குத்தூஸ் சந்தோஷப்பட்டான். சந்தோஷத்துக்கு அடியில் ஒரு மூலையில் சந்தேகமும் இருந்தது. வலை பின்னக் கற்ற முதல் வருஷம் அவன் அப்பாவிடம் வாங்கிய திட்டு அவன் கிழட்டு வயது வரைக்கும் காணும். ஒரு கலையை ஒரு வசவு கூட வாங்காமல் எவனாவது கற்றதுண்டா? ஆனாலும் பாராட்டு யாருக்குக் கசக்கும்? அவன் மேலும் மேலும் பின்னித் தள்ளினான். இப்போது நினைத்தால் கிழவர் குத்தூஸுக்குச் சிரிப்பு வருகிறது. பனி ஜன்னல் மட்டத்துக்கு விழுந்து கிடக்க, மாமனாரும் மருமகனும் ஒரே அறையில், ஒருவர் மேல் ஒருவர் வைத்த மரியாதையால் வாய் அடைத்துப்போய், காலையிலிருந்து மாலை வரை பின்னிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

குளிர் உச்சத்தில் இருந்த ஒரு நாள், காயவைத்த டர்னிப் மாலைகளை எடுக்க முக்தா பரணுக்கு ஏறினாள். வைக்கோலுக்குப் பின்னால் துணி போட்டு மூடியிருந்ததை விலக்கிப் பார்த்தாள். புருஷன் பின்னின காங்கிரிகள் அத்தனையும் அங்கே குவிந்து கிடந்தன. ஒன்று கூடச் சந்தையைப் பார்க்கவில்லை. சந்தை நாளன்று அப்பா அவற்றை ஓடை வளைவு வரை சுமந்து போய், எங்கேயோ ஒளித்துவைத்து, திரும்பும்போது மாட்டுத்தொழுவம் வழியாகப் பரணில் ஏற்றியிருக்கிறார்.

அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். ஈரம் வற்றி விளார்கள் சுருங்கிவிட்டிருந்தன. ஆட்டினால் சட்டி உள்ளே லொடலொட என்று ஆடியது. கூடைக்காரன் மகளுக்கு இது என்னவென்று தெரியாதா? தெரிந்தும் அவளுக்கு அழுகைதான் வந்தது. அந்த விரல்களில் விழுந்திருந்த கீறல்களுக்கு ராத்திரி ராத்திரி எண்ணெய் போட்டவள் அவள்தானே. குவியலில் பார்வைக்கு நன்றாக இருந்த ஒன்றைப் பொறுக்கினாள். சட்டிக்கும் பின்னலுக்கும் நடுவில் ஒரு பழந்துணியைச் செருகினாள், ஆட்டம் நின்றது. கீழே கொண்டுவந்து தணல் போட்டு ஃபிரனுக்குள் வைத்துக்கொண்டாள். இந்த வீட்டில் ஒருத்தியாவது அவன் பின்னினதை வைத்துக் குளிர் காயட்டும் என்று நினைத்தாளே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை. பிரியம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

பிற்பகல் டீ நேரம். குத்தூஸ் பின்னிக்கொண்டிருந்தான். மனைவியின் அங்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடி தன்னுடையது போல இருக்கிறதே என்று ஒரு கணம் பார்த்தான். டீ ஊற்ற அவள் எழுந்தாள். உள்ளே துணி கருகி இடம்விட்டிருக்க வேண்டும். சட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, தணல் மொத்தமும் அவள் காலில் கொட்டியது. அங்கியின் விளிம்பு பற்றிக்கொண்டது, பாய் பற்றிக்கொண்டது. குத்தூஸ் பாய்ந்து வெறுங்கையால் அடித்து அணைத்தான். ராஹ்தி டீயைப் பாத்திரத்தோடு எடுத்து எரிகிற பாயில் கவிழ்த்தாள். நெருப்பு அணைந்தபோது முக்தாவின் கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கஸிர் உருண்டு கிடந்த காங்கிரியை எடுத்தார். பார்த்தார். மருமகனைப் பார்த்தார். அவ்வளவு நாள் உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை உடைந்த மாதிரி வந்தது.

"கழுதை! ஈரக் குச்சியில எவன்டா காங்கிரி பின்னுவான்? உங்க ஏரியில படகுதான்டா ஊறினா இறுகும். இது வில்லோ. தணல் பட்டா சுருங்கும். மூளையை எங்கடா வச்சிருக்க, மீன் கூடையிலயா? ஒவ்வொண்ணா நீ பின்னப் பின்னப் பாத்துக்கிட்டே இருந்தேன், ஈரக் குச்சி, ஈரக் குச்சின்னு. பாத்துக்கிட்டே..."

அங்கேயே நின்றுவிட்டார். அவர் வாயாலேயே அது வெளியே வந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர்தான். மகளின் காலையும் கையிலிருந்த காங்கிரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

ராஹ்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைக் கழுதை என்றாயிற்று, 'டா' போட்டாயிற்று. இதற்குக் கால்வாசி சொன்னதற்கே தொப்பியை மாட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்த மாப்பிள்ளைகள் உண்டு. அப்புறம் பெண் வீட்டுக்காரர்கள் ஆடு பிடித்துக்கொண்டு போய்க் காலில் விழ வேண்டும். சத்தம் கேட்டு வந்த நபிர் வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குத்தூஸ் முக்தாவின் காலில் உருளைக்கிழங்கை அரைத்துப் பூசி, துணி சுற்றி முடித்தான். எழுந்தான். வெளியே போனான். போய்விட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ராஹ்திக்கு அழுகை வெடித்தது.

அவன் சுவரோரம் நின்ற காய்ந்த விளார்க் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். மாமனாருக்கு எதிரில், மெத்தையைத் தள்ளிவிட்டு, வெறும் பாயில் உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவமானத்தால் இல்லை. அந்த வசவு காதில் விழுந்த கணத்தில், இத்தனை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போயிருந்தது. மனைவி அங்கே காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு நிம்மதி வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இவ்வளவு காயணுமா?" என்று கேட்டான்.

கஸிருக்குப் பழையபடி மரியாதைக்குத் திரும்பவும் முடியவில்லை, மேலே திட்டவும் முடியவில்லை. "ஒண்ணை ஒடிச்சுப் பாரு" என்றார். "சத்தம் வரணும்."

ஒடித்தான். டக்கென்று சத்தம் வந்தது.

"இதைத் திரும்ப நனைச்சா மறுபடியும் ஈரம்தானே மாமா?"

"மடையா, வெளியில நனையும். உள்ளுக்குள்ள அது ஏற்கனவே சுருங்கி முடிச்சிருச்சு. இன்னும் எங்க சுருங்கப் போகுது?"

அன்றைக்குத்தான் பாடம் ஆரம்பித்தது. அப்புறம் மனுஷர் வாயை மூடவே இல்லை. கை கட்டை மாதிரி இருக்கிறது என்பார், இதுக்கு உங்க ஏரித் தவளையே நல்லா பின்னும் என்பார். பழக்கமில்லாத ருசி, பிடித்துப்போய்விட்டது போல.

மூன்றாம் நாள், எதிர்பார்த்தபடியே, நபிரின் வாய் சந்தை வழியாக ஏரி வரை போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. குதிரை வண்டியில் வந்து இறங்கினார் சுபான். வழியில் வண்டி சிக்கிப் பாதி தூரம் பனியில் நடந்திருக்கிறார், முழங்கால் வரை நனைந்திருந்தது. முற்றத்திலேயே நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டார்.

"என் பிள்ளையை நாலு பேர் கேக்கக் கழுதைன்னியாமே" என்று கஸிரைப் பார்த்துக் கேட்டார். மகன் பக்கம் திரும்பினார். "கெளம்புடா. படகு ஒண்ணுதான், ஆனா உனக்கு உக்கார இடம் இருக்கு."

கஸிர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்தார். அதைச் சம்பந்தியின் காலடியில் வைக்கத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. அப்படி வைத்துவிட்டால் ஒரு மனுஷனிடம் மானம் என்று மிச்சம் எதுவும் இருக்காது. நரைத்த வெறுந்தலையில் பனித்தூள் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்ற முக்தா புருஷனையே பார்த்தாள். அவன் இப்போது அப்பாவோடு போய்விட்டால், யார் போய்க் கூப்பிட்டாலும் அது பழையபடி விருந்தாளியாகத் திரும்பி வருவதாகத்தான் இருக்கும்.

குத்தூஸ் இறங்கி வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா," என்றான், "நீங்க என்னை எவ்வளவு திட்டியிருக்கீங்க. துடுப்பை எடுத்து அடிச்சிருக்கீங்க. நான் என்னைக்காவது வீட்டை விட்டுப் போனேனா?"

ஏரிப் பக்கத்தில் சுபானைப் பேச்சில் மடக்கினவர்கள் கிடையாது. கோபத்தோடு அவ்வளவு தூரம் வந்தவர், அந்தக் கோபத்தை இனி எங்கே வைப்பது என்று தெரியாமல் கீழே பனியைப் பார்த்தார், மாட்டுத்தொழுவத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவன் சொன்னதன் இன்னொரு பாதி அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பிள்ளை நன்றாக இருக்கிறான் என்ற நிம்மதியும், பிள்ளை போய்விட்டான் என்ற வலியும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷன் என்ன செய்வான்? அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொள்ளக் கூடத் தோன்றாமல், கஸிர் மருமகனிடம் அதட்டலாகச் சொன்னார்:

"வந்தவரைப் பனியில நிக்க வச்சுப் பேசிக்கிட்டிருக்கியே. உள்ள கூட்டிட்டு வா. சாப்பாட்டுக்கு முன்னாடி கைக்குத் தண்ணி ஊத்து."

விருந்தாளியின் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டு இளைய ஆண்பிள்ளையின் வேலை. செம்புக் கூஜாவையும் தாம்பாளத்தையும் அதுவரை குத்தூஸைத் தொடவே விட்டதில்லை. இன்றைக்கு ராஹ்தி வெந்நீர் நிரப்பி அவன் கையில் கொடுத்தாள். அவன் சொந்த அப்பாவின் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

சுபான் கைகளை நீட்டினார். ஏரித் தண்ணீரில் வெடித்து வெடித்துக் காய்த்துப்போன கைகள். அந்தக் கைகளிலிருந்து அடி வாங்கிய முதுகு கூஜாவைப் பிடித்துக் குனிந்திருந்தது. தண்ணீர் மெல்லிய தாரையாக விழுந்தது. அவர் விரல் விரலாகக் கழுவினார். கழுவி முடிந்த பிறகும் கையை எடுக்காமல், தலையைத் தூக்காமல், கழுவிக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்டுத் தண்ணி நல்லா சூடா இருக்குடா" என்றார்.

குத்தூஸ் கூஜா காலியாகும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.